பழுது

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்துக்கு வெளியே
மூன்றாம் தண்டவாளம்.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
டாங்கர் வண்டிகளுக்குள் உலை எண்ணெய்
தார்ப்பாளம்போல் இறுகிக் கிடக்கிறது.
நீராவி புகுந்தால்தான் இளகும்.

பனியில் நீள்கின்றன பதினொரு ஹோஸ்கள்.
பாம்பென்று தாண்டவும் கூடாது,
பழுதென்று மிதிக்கவும் கூடாது.
ஜின்ட்ரா சுற்றித்தான் போவாள்,
கையில் விளக்கு, பையில் சாக்கட்டி.

முதலில் கழுத்து.
இரும்பு இணைப்பும் ரப்பரும் சேரும் ஒரு சாண் இடம்.
மடங்கினால் அங்கேதான் மடங்கும்.
கிளாம்ப் போல்ட்டுகளை ஸ்பானரால் தொட்டுக் கேட்கிறாள்.
சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும்
ரப்பர் கொஞ்சம் இளைத்துப்போகும்;
நேற்று இறுக்கியது
நேற்றைக்குத்தான் இறுக்கம்.

மேலுறை நெடுக ஊசித் துளைகள்.
தொழிற்சாலையிலேயே குத்தி அனுப்பியவை,
உள்ளே கசியும் ஆவி மூச்சு விட.
துளைக்குப் பயமில்லை.
கொப்புளத்துக்குப் பயப்பட வேண்டும்.
அழுத்திப் பார்க்க விரல் குறுகுறுக்கும்.
குறுகுறுத்த ஏவால்ட்ஸ் இப்போது
இடது கையால் காப்பி குடிக்கிறான்.

வெள்ளையாய்த் தெரிவது ஆறிப்போன மிச்சம்,
மேகமாகி மனம் மாறியது.
துளைக்கும் மேகத்துக்கும் நடுவே
ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறதே
நாலு விரற்கடை,
அதுதான் ஆவி.
நூற்று அறுபத்தைந்து பாகை.
கை வைத்துத் தேடாதே.
வால்வை மூடு.

ஏழாவது ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருந்தது.
கொப்புளம் இல்லை, வெடிப்பு இல்லை,
சரளையில் இழுத்த உரசல்கூட இல்லை.
அடிமுனையைத் திறந்து நீரை வடித்தபோது
பனிமேல் கறுப்பாய்ச்
சோளப்பொரி.

குனிந்து எடுத்தாள். ரப்பர்.

யார் இதை வடிக்காமல் மூடிவிட்டுப் போனது?
பதினொரு பேரும் பூட்ஸைப் பார்த்தார்கள்.
அடைபட்ட நீர் சும்மா இருக்காது;
உட்சுவருக்குள் ஊறும்,
அடுத்த ஆவி வந்து தொட்டதும்
ஊறிய இடமெல்லாம் பொரியும்.

மோட்ரிஸ் வந்தான், கையில் கால அட்டவணை.
என்ஜின் காத்திருக்கிறது, மணிக்கணக்கில் தண்டம்.
"ஒரே ஒரு வண்டி, ஜின்ட்ரா.
இது முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம்."
கெட்டவன் அல்ல அவன்.
அவளைப்போலவே நாலு மணியிலிருந்து குளிரில் நிற்பவன்.

சிவப்புச் சீட்டு கட்டலாம்.
சீட்டை அவிழ்க்கவும் கை உண்டு.
பழைய இரும்புக் குவியலில் எறியலாம்.
போன வருடம் யாரோ அங்கிருந்து ஒன்றை இழுத்து வந்து
பார்க்க நன்றாயிருக்கிறதே என்று
மாட்டினார்கள்.

ரம்பத்தை எடுத்தாள்.

உள்ளே பின்னியிருந்த எஃகுக் கம்பி
ரம்பத்தின் பல்லை விலை கேட்டது.
பாதியில் மூச்சு வாங்கி நின்றாள்.
மோட்ரிஸ் அட்டவணையைக் கோட்டுக்குள் செருகி
மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.
பேசவில்லை. கோபம் இருந்தது.
முழத்துக்கு முழம் அறுத்தார்கள்,
எந்த வண்டிக்கும் எட்டாத முழம்.

கிடங்கிலிருந்து புதியது வந்தது,
ஆவிக்கென்றே முத்திரை குத்தியது.
இணைப்பு கழன்றாலும் சாட்டையாய்ச் சுழலாதபடி
இரு முனையிலும் கம்பிக் கயிறு பூட்டினாள்.
வடிகால் திறந்திருக்க
வால்வைக் கால் சுற்று.
குழாய் இருமி நீர் துப்பியது.
காத்திருந்தாள்.
இன்னொரு கால்.
என்ஜின் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
இன்னொரு கால்.

நாற்பது நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில் மோட்ரிஸ்
ஒரே சொல் எழுதினான்: பழுது.

மே மாதம், மீன்படகுகள் கட்டும் துறையில்
அவன் படகின் விளிம்பு நெடுக
கறுப்புத் துண்டுகள்,
நீளவாக்கில் பிளந்து பதித்தவை.
அலை தள்ள, படகு மரத்தில் மோதும்போதெல்லாம்
மெத்தென்று ஒரு சத்தம்.
"நல்ல ரப்பர்" என்றான்.

ஜின்ட்ரா பழக்க தோஷத்தில் குனிந்து
உள்பக்கத்தை விரலால் தடவினாள்.

இன்னும் உதிர்ந்தது.