நாலாவது லேன்

பிந்து ராவ் அனுப்பும் பட்டியலிலிருந்து
யாரும் தப்ப முடியாது.
சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்,
பசவனகுடி நீச்சல் குளம், பின்வாசல்.
ஆரஞ்சு உரித்துக் கொண்டுவர: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்.
துண்டுகள் எண்ணி அடுக்க: ஜார்ஜ் குருவிளா.
வண்டிகளுக்கு வழிகாட்ட: பாட்டீலும் திருமதி பாட்டீலும்.
(இருவருக்கும் பேச்சில்லை என்பதால்
ஆளுக்கொரு வாசல்.)
ஸ்டாப் வாட்ச், நாலாவது லேன்: அமுதினி அம்மா.

எனக்கும் ஒரு பெயர் உண்டு.
அதை அந்தக் குழுவில் யாரும் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

பழைய பள்ளியில் பட்டியல் கிடையாது.
கெங்கேரி என்றார்கள், போனோம்.
அங்கே காவலாளி பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
ஹலசூரு என்று தெரிந்து
ஆட்டோ பிடித்து
மைசூர் ரோட்டின் நெரிசலில் ஊர்ந்து சேர்ந்தபோது
கோப்பைகளைக் கூடப் பெட்டியில் கட்டிவிட்டார்கள்.
நீச்சல் உடைமேல் ஸ்வெட்டர் போட்டிருந்த என் பெண்
திரும்பும் வழியெல்லாம் அழவில்லை.
அழாததுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் எனக்குப் பட்டியல் பிடிக்கும்.
யார் எங்கே எத்தனை மணிக்கு என்று
எழுதி வைப்பதும் ஒரு வகைப் பிரியம்தான்.

இரவுப் பணி முடித்து நேரே வந்திருக்கிறேன்.
ஆஸ்பத்திரி வாசம் சுடிதாரில் இருக்கிறது,
குளோரின் அதை மெல்ல விழுங்குகிறது.
அவள் முன்கையை நீட்டுகிறாள்.
மயிர் சிலிர்த்த தோலில்
கறுப்பு மார்க்கரால் எழுதுகிறேன்:
பதினேழு, மூன்று, ஆறு.
பதினேழாம் போட்டி, மூன்றாம் சுற்று, ஆறாவது லேன்.
கைக்குழந்தையாய் இருந்தபோது
கன்னத்தில் வைத்ததும் இதே கறுப்புதான்.
அன்று யார் கண்ணும் படாமலிருக்க,
இன்று எல்லார் கண்ணிலும் பட.

ஒரு விதி உண்டு:
சொந்தப் பிள்ளையின் லேனில்
யாரும் நேரம் பார்க்கக் கூடாது.
நல்ல விதி. கூட்டத்தில்
முதலில் கை தூக்கியவள் நான்.

என் லேனில் ஸபூரா.
அவள் அப்பாவுக்குச் சிவாஜிநகரில் இரும்புக்கடை,
அம்மாவுக்கு இது எட்டாவது மாதம்.
யாரும் வர முடியாதென்று
பிந்து ராவுக்கு முன்பே தெரியும்.
பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது:
ஸபூராவுக்குத் துண்டு பிடிக்க
யார் கை காலியோ அவர்கள்.

விசில்.
கட்டைவிரல் அழுந்துகிறது.
ஐம்பது மீட்டர், மார்பு நீச்சல்.
நேரம் பார்ப்பவள் சுவரைத்தான் பார்க்க வேண்டும்,
விரல் தொடும் அந்த ஒரே ஓட்டை.
அதில் முடிபோல ஒரு விரிசல்.
வலப்பக்கம், இரண்டு லேன் தள்ளி
என் பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள்.
குருவிளா கத்துகிறார்: "அமுர்தினி! போ! போ!"
பெயர் தப்பு. குரல் சரி.
பாட்டீல் ஒரு பக்கம் கத்த
திருமதி பாட்டீலும் அதையே கத்துகிறார்.
ஒரு முறை,
ஒரே ஒரு முறை,
கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.
விரிசலைப் பார்த்தேன்.

ஸபூராவின் கை சுவரில் விழுந்தது.
மூச்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிமிர்ந்து
"ஆன்ட்டி, எஷ்டு?" என்றாள்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு எட்டு.
அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மறுபடி கேட்டாள்.
மறுபடி சொன்னேன்.
குனிந்து என் செருப்பு நனையக்
கை கொடுத்தேன்.

திரும்பியபோது ஆறாவது லேன்
வெறும் தண்ணீர்.
யாருடைய துண்டிலோ சுருண்டு
யாரோ உரித்த சுளையை மென்றபடி
நடந்துகொண்டிருந்தது என் உயிர்.

மேசையில் தாள்கள்.
ஹெக்டேயின் சாய்ந்த கையெழுத்தில் என் மகள்:
நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று ஐந்து.
ஒன்றின் தலையில் ஒரு துளி விழுந்து
மை கொஞ்சம் பரவியிருந்தது.

"பாத்தியாம்மா?"

பட்டியலில் அதற்கு வரி இல்லை.
"ரெண்டாவது கையை இன்னும் நீட்டணும்" என்றேன்,
குருவிளா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு.

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள்,
அடுத்த சுளையை என் வாயில் திணித்தபடி.