நூறடிக்கு எத்தனை கல்

நூறு அடி. பத்தடிக்கு ஒரு கல்.
எத்தனை கல் ஏற்றணும் லாரியில்?
பத்து என்பார் மனைக்காரர்.
பதினொன்று என்போம் நாங்கள்.
திருட்டுக் கணக்கு என்று
அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்து
கடைசிக் கல்லில் வந்து முழிக்கும்போது
தனகோட்டி பீடியை அணைத்துவிட்டுச் சொல்வான்:
"ஆரம்பிக்கிற எடத்துல ஒண்ணு நிக்குதே சார்,
அத்த யாரு எண்றது?"

கிணற்றைச் சுற்றி நட்டால் மட்டும்
பத்தே போதும்.
தொடங்கிய கல்லே முடிகிற கல்.

லத்தேரி, பசுமாத்தூர், கே.வி.குப்பம்,
ஒடுகத்தூர் மலையடிவாரம் வரை
பன்னிரண்டு வருடம்
கருங்கல் நட்டு முள்கம்பி இழுத்தேன்.
சித்திரையில் கடப்பாரையைத்
துணி சுற்றாமல் தொட முடியாது.
வேலூர் வெயிலைப் பற்றிப் பேச
மத்தியானத்தில் ஒரு ஆள் கிடைக்கமாட்டான்,
எல்லாரும் நிழலுக்குள் போயிருப்பார்கள்.

இழுத்த கம்பி ஒருநாள் அறுந்து திரும்பியது.
புருவத்தில் ஏழு தையல்.
"அரை இஞ்சு. கண்ணு தப்பிச்சிது" என்றாள் நர்ஸ்.
ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்த பத்து நாளில்
ஃபோனில் என்னென்னவோ தள்ளிக்கொண்டே போய்
ஒரு தெலுங்குப் பையன்
பைத்தான் சொல்லித் தருகிற இடத்தில் நின்றேன்.
பாம்பு பிடிக்கிற வீடியோ என்றுதான்
முதலில் நினைத்தேன்.

ஆபீசர்ஸ் லைனில் பழைய லேப்டாப், ஒன்பதாயிரம்.
ஒரு எழுத்து அழுத்தினால் வராது,
குத்தினால் வரும்.
டச்பேட் என் விரலை
விரலென்று ஒத்துக்கொள்ளவில்லை.
அவ்வளவு காய்ப்பு. அதற்கு நான் மரக்கட்டை.
ரேணுகா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து
"தேச்சிக்கினு தொடு" என்றாள்.
அம்பு நகர்ந்தது.
அன்றைக்குப் படிப்பு அதோடு சரி.

முதல் லூப் எழுதிய இரவு
பத்து வரி கேட்டேன்,
பதினொன்று வந்தது.
எல்லாரும் இங்கே ஒருமுறை வழுக்குவார்கள்,
இதற்கு வேலிக்கல் பிழை என்று பேர்
என்றான் பையன்.
வீடியோவை நிறுத்தினேன்.
ஃபேன் சத்தம். எதிர்வீட்டு நாய்.
யாரையாவது எழுப்பிச் சொல்லியாக வேண்டும்.
தனகோட்டிக்கு ஃபோன் போட்டேன், மணி ஒன்றரை.
"எவன் செத்தான்?" என்றான்.

அப்புறம் இரண்டு வருடம்.
பகலில் குழி, இரவில் பிழை,
சொல்ல வேறொன்றுமில்லை.

காட்பாடி காந்தி நகர், டயர் கடைக்கு மேல் மாடி.
"எக்ஸ்பீரியன்ஸ்?"
"பன்னெண்டு வருசம்."
"எதுல?"
சொன்னேன்.
ஏசி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
மாதம் பதினாலாயிரம் என்றார்கள்.
கல் நட்டால் இருபத்திரண்டு வரும்.
ரேணுகா பால் நோட்டின் பின்பக்கத்தில்
கூட்டினாள், கழித்தாள், எல்லாவற்றையும் அடித்தாள்.
"போய்ட்டு வா. கண்ணாவது இருக்கும்."

மூன்றாம் மாதம்
தோல் குடோன் வாடகை பில்லில்
எப்போதும் ஒரு நாள் குறைந்தது.
ஆளாளுக்குத் தேடினார்கள்.
ஆரம்பிக்கிற நாளை யாரும் எண்ணவில்லை.
காட்டினேன். கை தட்டினார்கள்.
மறுநாள் நானே வேறொரு வரியை அழித்து
ராணிப்பேட்டையில் நான்கு குடோனுக்கு
பில்லே வராமல் செய்தேன்.
அதற்கும் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

இப்போதும் நாலரைக்கு விழிப்பு வருகிறது.
உடம்புக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.
உள்ளங்கை உரிந்து
யாரிடமோ கடன் வாங்கியதைப் போலிருக்கிறது.
முதுகு வலி போகவில்லை,
இரண்டங்குலம் மேலேறியிருக்கிறது.

போன வாரம் தனகோட்டி பேசினான்.
"பசுமாத்தூர்ல ஒரு கல்லு சாஞ்சிகினு கீது.
நீ நட்டது."
"எப்டி தெரியும்?"
"நா நட்டா சாயாது."

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
அரை மணி நேரத்தில் விரலில் கொப்புளம்.
பார்த்தான். சிரிக்கவில்லை.
கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.
நான் தண்ணீர் ஊற்றி
மண்ணை மிதித்தேன்.

திங்கள் காலை.
பிளாஸ்திரி ஒட்டிய விரலை
யாரென்று கேட்கிறது டச்பேட்.
இடது கையால் தொடங்குகிறேன்.