இரண்டு கையெழுத்து

வண்டி யார் பேரில் என்று கேட்டார் கார்க்கம்.
மேசைமேல் இரண்டு படிவங்கள்.
இடது பக்கம் நான்:
ஓடெட் சுரெட், நாற்பத்தாறு வயது,
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
வலது பக்கம் என் கம்பெனி.
பிறந்து பதினோரு நாள்.
பேர் பதிய தனிக் கட்டணம் என்றதால்
பேரே வைக்கவில்லை.
அரசாங்கம் ஓர் எண் கொடுத்தது,
ஏழு இலக்கம், பின்னால் லிமிடெட்.

வெளியே யார்மத் துறைமுகத்து மூடுபனி
வண்டிகளின் கூரைவரை இறங்கி நின்றது.
வரிசையில் நான்காவது, வெள்ளை வேன்.
முன்பு ஒரு பூக்கடையினுடையது.
ஸ்டிக்கரை உரித்த இடத்தில்
வெள்ளையிலும் வெளுப்பாக ஒரு ரோஜா.

"கம்பெனி பேரில் என்றால் வரியில் கழிக்கலாம்,
இன்சூரன்ஸ் ஏறும்.
உங்கள் பேரில் என்றால் இன்சூரன்ஸ் இறங்கும்,
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
கம்பெனிக்கு நீங்கள் பில் போடவேண்டும்."

நான் எனக்கே பில் போட்டால்
தாமதமாகத்தான் கொடுப்பேன்.
என்னை எனக்குத் தெரியும்.

போனில் கணக்காளர் டெனிஸ்:
"கம்பெனி வேறு, நீ வேறு.
அது மூழ்கினாலும் நீ மூழ்கமாட்டாய்."
இந்த மீன்பிடி ஊரில்
இப்படிச் சொல்கிறவர்கள் யாரும்
படகில் போனதில்லை.

சரி, கம்பெனி பேரில் என்றேன்.
கார்க்கம் கம்ப்யூட்டரில் தட்டினார்.
வங்கி யோசித்தது. பிறகு கேட்டது:
இந்தக் கம்பெனி கடன் வாங்கியதுண்டா?
இல்லை.
திருப்பிக் கட்டியதுண்டா?
வாங்கவே இல்லையே.
இதை யாருக்காவது தெரியுமா?
எனக்குத் தெரியும்.
அப்படியானால் நீங்களே ஜாமீன்.

தலை நிற்காத பிள்ளைக்கு
செருப்பு வாங்க வந்தவளைப்போல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தாளில் இயக்குநராகக் கையெழுத்து:
நாங்கள் கடன் வாங்குகிறோம்.
இரண்டாம் தாளில் ஓடெட்டாக:
அவர்கள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்.
அவர்கள்!
அதே பேனா.
கம்பி முறுக்கிக் காய்த்துப்போன
அதே கட்டைவிரல்.
இரண்டும் ஒரேமாதிரி இருக்கக்கூடாதோ என்று
இரண்டாவதைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன்.
கார்க்கம் அதைத் திருப்பித் தந்தார்.
ஒரேமாதிரி இருக்கவேண்டுமாம்.

டாஷ்போர்டு பெட்டியில் டெனிஸ் தந்த குறிப்பேடு.
தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தூரம்.
கடைசியில் இரண்டு கட்டங்கள்:
தொழில், சொந்தம்.
டஸ்கட் தேவாலயம், தொழில்.
புப்னிகோ பள்ளிக்கூடம், தொழில்.
பால், ரொட்டி: சொந்தம்.
பால் விற்றவள்
தன் மாடியறைப் பியானோவைப் பற்றி ஆரம்பித்ததால்
போன வழி சொந்தம்,
வந்த வழி தொழில்.

மூன்றாம் சனிக்கிழமை ரெயால் கூப்பிட்டான், டிக்பியிலிருந்து.
விவாகரத்தில் வீடு அவனுக்குப் போனது.
பியானோ எனக்கு என்று தீர்ப்பானது.
படிக்கட்டில் திரும்பாததால் அங்கேயே நின்றுவிட்டது.
பிறகு அதையும் அவனுக்கே எழுதிக்கொடுத்தேன்.
"ஒரு கட்டை எழும்பவே மாட்டேன் என்கிறது" என்றான்.

நூற்று மூன்று கிலோமீட்டர். தொழில்.

கட்டைக்கு அடியில் ஒரு ஹேர்பின். என்னுடையது.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
மூன்று மணிநேரம் சுருதி சேர்த்தேன்.
அவன் அடுக்களையில் பாத்திரங்களை
சத்தமில்லாமல் கழுவினான்.
எவ்வளவு என்றான்.
நூற்று அறுபது, வரி தனி.
செக்கில் பேர் எழுதக் கேட்டான், எண்ணைச் சொன்னேன்.
"யார் இது?"
சிரிக்கவில்லை நான்.
"லிமிடெட்டையும் எழுது" என்றேன்.

திரும்பும்போது செயின்ட் மேரீஸ் விரிகுடா ஓரம்
வண்டியை நிறுத்தினேன்.
ஹீட்டர் ஓடியது.
நாற்பது நிமிடம்.
கிலோமீட்டர் நகரவில்லை.
குறிப்பேட்டைத் திறந்து
பேனாவையும் எடுத்துவிட்டேன்.
நின்ற வண்டிக்கு அதில் கட்டமில்லை.

ஒன்றாம் தேதி முதல் தவணை போனது.
கம்பெனிதான் கட்டியது,
ரெயாலின் நூற்று அறுபதையும் சேர்த்து.
ஜாமீன்காரிக்கு
வங்கி ஒன்றும் எழுதவில்லை.