கணக்கீடு

காவேரிப்பட்டணத்தில்
மூடிப்போன மாங்கூழ் கம்பெனியின் பின்கொட்டகை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மீட்டர் பார்க்கப் போவேன்.
போன தடவை எழுதிய எண்ணே இந்தத் தடவையும்.
வெள்ளை அட்டையில் அது
ஏழு வரியாக நின்றது.

டார்ச்சைத் திருப்புகையில்
மீட்டருக்குக் கீழே, சாக்குகளுக்கு நடுவே
இரண்டு சைலன்சர் மினுங்கும்.
எட்டாவது தடவை கேட்டேவிட்டேன்.
திம்மராயன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"கரண்ட் ஆபீஸுக்கா?"
"எனக்கு."

பதினெட்டாயிரம், சீட்டு எடுத்த பணம்.
எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு சாவி கொடுத்தார்.
ஆணி மாதிரி இருந்தது.
ஆணியேதானோ என்று இன்னமும் சந்தேகம்.

யெஸ்டி. டேங்கில் பேர் பாதிதான் மிச்சம்.
கார்பரேட்டருக்குள் குளவி
அறை அறையாக மண்வீடு கட்டி
வாடகைக்கு விடத் தயாராக வைத்திருந்தது.
கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மெக்கானிக் நயாஸ்
வண்டியைச் சுற்றி மூன்று தரம் நடந்தான்.
வண்டிக்கு இருபது வயதானபோது பிறந்தவன்.
"ஸ்கேனரை எங்கக்கா சொருகறது?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

டேங்கைக் கவிழ்த்தால் துருவாகக் கொட்டியது.
கிரானைட் பட்டறையில் அள்ளிய சில்லைப் போட்டு
ஆசிட் ஊற்றி, வாயடைத்து, சாக்கு சுற்றி,
பக்கத்து வீட்டுக்குத் தளம் போட வந்த
கலவை மெஷினுக்குள் கட்டி
ஒரு மத்தியானம் முழுக்கச் சுழலவிட்டோம்.
மேஸ்திரி காசு வாங்கவில்லை.
தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பெங்களூரிலிருந்து பிஸ்டன் ரிங் வந்தது,
தப்பான அளவில்.
மறுபடி வந்தது.
ஆர்.சி. புத்தகத்தில் கரையான் விட்டுவைத்தது
மூன்று எழுத்தும் நாலு எண்ணும்.
ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஐந்து நாள் லீவு போயிற்று.
பெஞ்சுக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தது.
காத்திருந்த நேரமெல்லாம் அதையே பார்த்தேன்.
அது மட்டும் அங்கே நன்றாக ஓடியது.

உதைக்கிற கம்பியே மடங்கிக்
கியராகிற வண்டி இது.
எனக்குப் பிடித்ததும் அதுதான்.
கண்டென்சர் புதுசு.
பாயின்ட் இடைவெளிக்குப் பஸ் டிக்கெட்டை மடித்துச் சொருகி
அளவு பார்த்தான் நயாஸ்.
அறுபது உதை எண்ணினேன்.
அறுபத்தொன்றில் ஒரு தும்மல்.
அப்புறம்
தெரு முழுக்க நீலப் புகை.
பேரூராட்சி கொசு மருந்து அடிக்கிறதென்று
பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள்.
எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளை
ஒரு வார்த்தை பேசாமல் உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை.
"லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில்."
பங்க்கில் பையன் திரும்பக் கேட்டான்.
திரும்பச் சொன்னேன்.
டேம் வரைக்கும் போகலாம் என்று எண்ணம்.
மாந்தோப்புகள் இரண்டு பக்கமும் விலகி விலகி நின்றன.
ஒரு லாரிக்காரர் வேண்டுமென்றே பின்னால் வந்தார்,
சத்தத்தைக் கேட்பதற்கு.
முந்தும்போது கையை வெளியே நீட்டி
எதையோ சொன்னார். காதில் விழவில்லை.
நல்லதென்றே எடுத்துக்கொண்டேன்.

அணைக்குப் பக்கத்தில்,
வறுத்த மீன் கடைக்கு நேராக
நின்றுபோயிற்று.
கழற்றினால் பிளக்கில் கரி.
எண்ணெய்ச்சட்டி முன்னால் இருந்த ஆள்
கொடுங்க என்று கை நீட்டினார்.
செதில் சுரண்டும் கத்தியால் நுனியைச் சுரண்டி
ஊதித் திருப்பித் தந்தார்.
மிளகாய்த்தூள் வாசனை.
இரண்டே உதை.

வீட்டில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கிறேன்.
38412.
கொட்டகையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அதே எண்.
கேபிள் அறுந்து எத்தனை வருஷமோ.
போன தூரம், வந்த தூரம்,
ஒன்றுமே ஏறவில்லை.

நயாஸைக் கூப்பிடப் போனை எடுத்து
வைத்துவிட்டேன்.
கைக்கரியைத் துடைத்துக்கொண்டு
காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள்
ஆபீஸ் வழக்கப்படி எழுதினேன்:

மீட்டர் பழுது.
சராசரி போடவும்.