இருபதாவது ஆணி

ஆட்சிக்குழுக் கூடத்தின் மேற்குச் சுவரில்
பத்தொன்பது துணைவேந்தர்கள் தொங்குகிறார்கள்.
இருபதாவது ஆணியை
கட்டடப் பிரிவு முன்கூட்டியே அடித்துவிட்டது,
போன சித்திரையில்.
இது மாசி.

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
எங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் ஷஃபியுன்னிசா.
பட்டச் சான்றிதழ்ப் பிரிவு, இருபத்தாறு வருஷம்.
எட்டுப் பேரின் கையெழுத்து
கண்ணை மூடினாலும் தெரியும்.
வரதராஜுலுவினுடையது
காட்பாடியில் நிற்காத ரயில்,
கடைசிப் பெட்டி தாளைத் தாண்டி ஓடும்.
வேதநாயகி அம்மா
ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகே
பேனாவைத் திறப்பார்.
அந்த வருஷம் பட்டமளிப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது.
யாரும் முணுமுணுக்கவில்லை.

இன்னொருவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
வழக்கு இன்னும் நடக்கிறது.
விரிவுரையாளர் இடத்துக்கு ஒரு விலை,
ஓட்டுநர் இடத்துக்கு ஒரு விலை.
அவர் படம் மட்டும் சாயாமல் நேராக இருக்கிறது,
துடைக்கக்கூட யாரும் தொடாததால்.

இடது ஓரத்தில், பழுப்பேறிய முதலாமவர்.
அப்போது இங்கே கட்டடம் கிடையாது,
காலி செய்த தோல் கிடங்கு ஒன்று,
அதில் முப்பத்தொரு மாணவர்கள்.
முப்பத்தொரு பட்டத்தையும்
அவரே மையில் எழுதினாராம்.
வாங்கிய அங்கிகளில்
எத்தனை முறை வெளுத்தும்
ஆட்டுத்தோல் வாடை போகவில்லையாம்.

இன்று என் இரும்பு அலமாரியில்
நாலாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பட்டங்கள்.
முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது,
கீழே வலப்பக்கம் வெள்ளை.
மாதம் ஒருமுறை
சென்னையிலிருந்து பொறுப்புக் குழு வரும்.
அவசரக் கோப்புகள் மட்டும் பார்க்கும்.
பட்டம் அவசரமில்லை என்று
ஒரு சுற்றறிக்கை சொல்கிறது.

ஒடுகத்தூரிலிருந்து பூங்காவனம் வந்திருந்தாள்,
நான்காவது தடவை.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை தயார்,
அசல் கேட்கிறார்கள்.
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
விதியில் இடமில்லைதான்.
ஆனாலும் அலமாரியைத் திறந்து
அவளுடையதை எடுத்துக் கையில் கொடுத்தேன்.
பார்த்துட்டுக் குடும்மா, என்றேன்.

ஓரம் மட்டும் பிடித்துப் படித்தாள்.
வெயிலில் வந்த முகம்,
நெற்றியில் வேர்வை,
தாளில் சொட்டாமல் இருக்க
தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.
பிறகு சிரித்தாள்.

'மேடம், எங்கப்பா ஏழுமலை.
இதுல எ போட்டிருக்கு.
ஏ-வோட கால் போச்சு.'

பார்த்தேன். போயிருந்தது.
ஒரே ஒரு சாய்கோடு.
கையெழுத்தாகி வெளியே போயிருந்தால்
திருத்தக் கட்டணம், நோட்டரி, ஆறு மாதம்.
இப்போது
கணினிப் பிரிவுக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும்.

காலி நாற்காலிக்கு நன்றி சொல்வேனா?
மாட்டேன்.
சீட்டை எழுதினேன்.
அவள் போன பிறகு
அலமாரியிலிருந்து இன்னொரு கட்டை இறக்கி
ஒவ்வொரு பெயராக
வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன்.
எதிர் மேசை கந்தவேல் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் கூடத்தில் மின்விசிறி பழுதுபார்க்க வந்த
கன்னியப்பன்
சாப்பாட்டுப் பையை
இருபதாவது ஆணியில் மாட்டியிருந்தார்.
பத்தொன்பது பேரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'நல்ல ஆணி மேடம்,' என்றார்
ஏணியிலிருந்து,
'ஆடவே இல்ல.'