கணக்கில் வராத காற்று

ருஸ்தாவி சந்தையில் பார்த்தபோது
எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.
அதனால்தான் வாங்கினேன்.
இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்து ஓப்பல்.
எனக்கு முன் மூன்று பேர்.
ஓட்டுநர் இருக்கையில் எவனோ ஒருவனின் எடை
பள்ளமாக இன்னும் உட்கார்ந்திருந்தது.

ஒரு மாதம் ரொட்டி ஏற்றினேன்,
குத்தாயிசியிலிருந்து ஸ்கல்துபோ வரை பதினோரு கடை.
சிக்னலில் நின்றால் எஞ்சின் தள்ளாடும்,
தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி
ஏதோ தொடங்கி, விழுங்கிவிடும்.
பெட்ரோலைக் குடித்தது.
டாஷ்போர்டு மட்டும்
எதுவும் தெரியாத முகத்தோடு இருந்தது.

மக்வாலாவைக் கூப்பிட்டேன்.
கூப்பிட்டிருக்கக் கூடாது. பிரிந்து நாலு வருடம்.
ஆனால் தொழிற்சாலை மூடும்வரை
எஞ்சின் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள்.
நான் அங்கே கேன்டீனில் இருந்தவன்.

வந்தாள். நலம் விசாரிக்கவில்லை.
"சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே."
எண்ணெய் விளக்கு வந்தது. பேட்டரி வந்தது.
கைபிரேக் வந்தது.
"இன்னும் ஒன்று வரணும்.
மஞ்சளாக வந்து, நான் இருக்கிறேன் என்று
சொல்லணும்.
பல்பைப் பிடுங்கியிருக்கிறான்கள்."

நாலு திருகாணி. பிளாஸ்டிக் முகம் கழன்று வந்தது.
அந்த இடத்தில் வெறும் குழி.
பனிவிளக்குக் குறிக்குப் பின்னாலிருந்த பல்பை
எடுத்து அங்கே திருகினாள்.
எஞ்சினைக் கிளப்பியதும் எரிந்தது.
அணையவில்லை.
எத்தனை வருடமாகக் காத்திருந்ததோ.

ஜும்பெரிடம் இரவல் வாங்கிய கருவி,
திரையில் பாதி எழுத்து செத்தது.
பி 0171. கலவை மெலிவு.

"உள்ளே போகிற காற்றை இது எண்ணும்," என்றாள்,
"எண்ணியதற்குத் தக்கபடி பெட்ரோல் ஊற்றும்.
எங்கேயோ எண்ணாத காற்று நுழைகிறது.
போதவில்லை, போதவில்லை என்று
ஊற்றிக்கொண்டே இருக்கிறது."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
பேட்டரியைப் பார்த்துச் சொன்னாள்.

எஞ்சினை அணைத்தோம்.
காற்று வாயில் என் பழைய பனியனை அடைத்தாள்.
ஒரு மெல்லிய குழாயைக் கழற்றி,
சிகரெட் பற்றவைத்து,
ஆழமாக இழுத்து, அதற்குள் ஊதினாள்.
பதினேழு வருடம்
நான் பால்கனிக்குத் துரத்திய புகை.
பனியிலும் துரத்தியிருக்கிறேன்.

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இரண்டாவது ஊதலில் ஒன்றுமில்லை.
மூன்றாவதில் இருமல்.
நாலாவதில், எஞ்சினுக்குப் பின்னால், சுவரோரம்,
கை நுழையாத இடத்திலிருந்து
நூல் மாதிரி எழுந்தது.

முழங்கை வளைவில் ஒரு ரப்பர்.
அதன்மேல் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.
குழந்தைகளுக்கான பிளாஸ்திரி,
கரடிக்குட்டி படம் போட்டது,
எண்ணெயில் ஊறிக் கறுத்து.
ஆக எவனோ கண்டுபிடித்திருக்கிறான்.
வீட்டில் கிடைத்ததைக் கொண்டு கட்டியிருக்கிறான்.
அது நிற்காததால்தான்
பல்புக்குப் போயிருக்கிறான்.
இருக்கையின் பள்ளத்தை அதன்பிறகு
என்னால் திட்ட முடியவில்லை.

புது ரப்பர், ஏழு ரொட்டி விலை.
அவளே மாட்டினாள். எஞ்சின் நிதானமாக மூச்சு விட்டது.
கூலி என்றேன். முறைத்தாள்.
இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு
அதற்கான சில்லறையை, எண்ணி,
பானட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.
சூட்டில் காசு ஒட்டிக்கொண்டது.
ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எட்டாம் நாள், ஸ்கல்துபோவுக்குக் கொஞ்சம் முன்னால்
மறுபடி மஞ்சள்.
ஓரம் கட்டினேன்.
ஜும்பெரின் கருவியைத் திருப்பித் தரவில்லை, நல்லது.
பி 0420. புகை வடிகட்டி.
குனிந்து பார்த்தேன்: வடிகட்டியே இல்லை,
வெட்டி விற்றுவிட்டு
வெற்றுக் குழாய் பற்றவைத்திருக்கிறார்கள்.

ரிப்பேர் இல்லை இதற்கு, என் வருமானத்தில்.
அதை நானே கண்டுபிடித்துவிட்டேன்.
யாரையும் கேட்க வேண்டிய அவசியமில்லை.
போனை எடுத்து வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
பின்னால் ரொட்டி ஆறுகிறது.