தலைதட்டி

புந்தா அரேனாஸில் காற்று
ஆளையே சாய்த்துவிடும்.
தெருமுனைகளில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
அந்தக் காற்றையும் மீறிக் கேட்டது
பத்தொன்பது நாள் மிலென்காவின் முக்கல்.

மூன்று நாளாய் அணையாடை
மூத்திரத்தில் மட்டும் நனைகிறது.
யாஸ்னா காய்ச்சலில் விழுந்த வாரம் முதல்
புட்டிப்பால் என் பொறுப்பு.
நண்டுக்கூண்டு இழுத்துத் தடித்த விரல்கள்
அந்தச் சின்ன வயிற்றைத் தொடவே அஞ்சின.

மாடிவீட்டு ரெமிஹியோ கதவைத் தட்டினான்.
சோப்புத் துண்டு ஒன்று செருகு,
இல்லையா, ஒரு சொட்டுத் தேன்.
கையோடு சீசாவும் கொண்டுவந்திருந்தான்.
வாங்கினேன். மூடியைத் திருகியும் விட்டேன்.
பிறகு ஏனோ
தொலைபேசியை எடுத்தேன்.

செவிலி ஒரியானா தூக்கத்தைக் காட்டாமல் கேட்டாள்:
வாந்தி உண்டா, பச்சையாக?
வயிறு மத்தளமாய் விறைத்திருக்கிறதா?
ரத்தம்? காய்ச்சல்?
பாலுக்கு முகம் திருப்புகிறாளா?
இல்லை. இல்லை. இல்லை.
ஒவ்வோர் இல்லைக்கும் என் முதுகிலிருந்து
ஒரு கூண்டு இறங்கியது.

ஒரு வயதுவரை தேன் அவளுக்குத் தேனல்ல,
மூடி வை.
சோப்பு வேண்டாம், வெறுந்தண்ணீரும் வேண்டாம்.
சரி, பாலை எப்படிக் கலக்கிறாய்?

டப்பாவில் உள்ளபடி, என்றேன்,
இத்தனை நீருக்கு இத்தனை கரண்டி.

தலைதட்டியா?

ஜன்னல் அதிர்ந்தது.
எங்கள் வீட்டில் யாரும்
தலைதட்டிக் கொடுத்ததில்லை.
மாவோ உப்போ, குவித்துக் கொடுத்தால்தான் கொடுத்தது.
மகளுக்கும் அப்படியே,
கரண்டிக்கு ஒரு குன்று.

அதுதான் கெட்டிப்பட்டிருக்கிறது, என்றாள்.
திட்டவில்லை.

கத்தி முதுகால் வழித்துப் புதுப்பால் கலந்தேன்.
வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் தாங்கிக் கிடத்தினேன்.
துவட்டி, காலை மடக்கி, நீட்டி, மடக்கி,
எதிர்காற்றில் மிதிக்கும் சைக்கிள்காரி அவள்.
தொப்புளைச் சுற்றி, கடிகாரம் போகும் பக்கமாய்
என் உள்ளங்கை போனது
நடுங்காமல்.

ஒன்றும் நடக்கவில்லை.

விடிந்ததும் கூட்டி வா, டாக்டர் பார்க்கட்டும்
என்றிருந்தாள்.
தொப்பி, போர்வை, இன்னொரு போர்வை.
பேருந்து நிறுத்தத்துக் கயிற்றை ஒரு கையால் பிடித்தபோது
நெஞ்சோடு கட்டிய துணிக்குள்
நீளமாய் ஒரு முனகல்,
அப்புறம் சூடு.

கம்பளிச் சட்டை வழியே மஞ்சள்.
பக்கத்தில் நின்ற தபால்காரி
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
ஊருக்கே தூக்கிக் காட்டியிருப்பேன்,
கயிற்றை விட்டால்
காற்று எங்கள் இருவரையும் கடலுக்குக் கொண்டுபோகும்.

பேருந்து வந்தது. அப்படியே ஏறினோம்.
வரச் சொன்னால்
வரச் சொன்னதுதான்.